அந்த டம்ளர் சத்தம் ஏன் இன்னும் கேட்கிறது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 47 வயது. படுத்த படுக்கையாக இருந்த என் மாமியாரை மூன்று வருடங்கள் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். இப்போது வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான்.

அந்த மூன்று வருடமும் நான் ஏங்கியது ஒரே ஒரு நாளுக்காக. யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு நாள். பேச்சு நின்றுபோன பிறகு அத்தை டம்ளரில் கரண்டியால் தட்டித்தான் கூப்பிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கும் தட்டுவார். எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது அந்தப் பக்கமே இருக்கும்.

போன மாதம் கணவர் வேலை விஷயமாக ஒரு நாள் வெளியூர் போனார். அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசுவதில்லை, போனை அணைத்து வைப்பது, டிவி கிடையாது, வாசலைத் தாண்டுவதில்லை என்று தீர்மானித்தேன். பத்தரை மணி வரை அவ்வளவு நிம்மதி. பாத்திரத்தைக்கூட சத்தம் வராமல் வைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. தெளிவாக, மூன்று தட்டு. எழுந்து அவருடைய அறை வாசல் வரைக்கும் போய், "இதோ வந்துட்டேன் அத்தை" என்று சொல்லியும் விட்டேன். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. அன்று முழுவதும் நான் பேசியது அந்த ஒரு வரிதான்.

அதற்குப் பிறகு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கடைசி மாதங்களில், தூக்கமே இல்லாத ஒரு ராத்திரியில், "இது எப்பதான் முடியுமோ" என்று அவர் பக்கத்திலேயே முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அதுவே திரும்பத் திரும்ப வந்தது. மூன்று மணிக்கு டிவியைச் சத்தமாக வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சமைக்கும்போதும் பாட்டு, படுக்கும்போதும் பாட்டு.

அழுதேன் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்றார். அவர் அந்த அறைக்குள் போவதே இல்லை. எனக்கு மனநோய் ஏதாவது வந்துவிட்டதா? மறுபடி அப்படி ஒரு நாள் இருந்து பார்க்கலாமா, இல்லை அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது மனநோயாக எனக்குத் தெரியவில்லை.

டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971-இல் அதை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுபோன்ற அனுபவம் ஏதாவது ஒன்று வந்திருந்தது. அதில் இறந்தவர் பக்கத்தில் இருப்பது போன்ற உணர்வுதான் அதிகம். சிலர் உருவத்தைப் பார்த்திருந்தார்கள், சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. நீங்களும் டம்ளர் சத்தத்தை வீட்டில் சொல்லவில்லை, எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "ஒரு காது அந்தப் பக்கமே இருக்கும்" என்றீர்களே, அந்தக் காதுக்கு இனி ஓய்வெடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கைக்குழந்தை இருக்கும் தாய்க்கு, குழந்தை அசந்து தூங்கும்போதும் அழுகை கேட்பது போலிருக்கும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் மூளைக்குக் குழாய்ச் சொட்டோ, ஜன்னல் கொக்கி ஆடுவதோ போதும், மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். இந்த எட்டு மாதங்களும் உங்கள் காது காவலில்தான் நின்றிருக்கிறது. மற்ற நாட்களின் இரைச்சலில் அது உங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து, அந்த முணுமுணுப்பு. நோயாளியை நெடுநாள் பார்த்துக்கொண்டவர்கள் பலர் என் முன்னால் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள், உங்களைப் போலவே குரலைத் தாழ்த்தி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறவர்களுக்குத்தான் "எப்போது முடியும்" என்று தோன்றும். எழுந்தே போகாதவர்களுக்கு அப்படித் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை. முடிய வேண்டும் என்று நீங்கள் நினைத்தது தூக்கமில்லாத ராத்திரிகளும் அவருடைய வேதனையும். அவர் போனபோது உங்களுக்கு ஒரு நிம்மதி வந்திருக்கலாம். வந்திருந்தால் அதற்காக வெட்கப்படாதீர்கள். துக்கமும் அதே மனதில்தான் இருக்கிறது. இல்லையென்றால் பதினொன்றரை மணிக்கு அந்த வாசலுக்கு ஓடியிருக்க மாட்டீர்கள்.

அமைதியாக உட்காருவது எல்லோருக்குமே கடினம். 2014-இல் திமோதி வில்சன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். வெற்று அறையில் 15 நிமிடம் தன் நினைப்போடு மட்டும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. காசு கொடுத்தாவது அதைத் தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்களிலேயே ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் ஒரு முறையாவது அழுத்தினார்கள். நீங்கள் இருந்தது கால் மணி நேரம் அல்ல, காலையிலிருந்து மூன்று மணி வரை. அதுவும் துக்கத்தை வைத்துக்கொண்டு. டிவி போட்டதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

ஆனால் அன்றிலிருந்து பாட்டு நிற்காமல் ஓடுவது எனக்குக் கவலை தருகிறது. பயந்து பயந்து மூடி வைத்தால் பயம் வளரும். ஆகவே, மறுபடி இருந்து பாருங்கள். முழு நாள் வேண்டாம். இந்த வாரம் ஒரு வேலையை மட்டும் பாட்டில்லாமல் செய்யுங்கள், துணி மடிப்பது போல கைக்கு ஏதாவது இருக்கும் வேலை. அது பழகியதும் அரை மணி, பிறகு ஒரு காலைப் பொழுது. பேசாமல் இருப்பதற்காகச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் குறைக்காதீர்கள். போனை அணைக்கலாம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தாங்கவில்லை என்றால் ஒருவரைக் கூப்பிடுங்கள், விரதம் கலைந்தது என்றெல்லாம் கணக்குப் பார்க்காதீர்கள்.

அந்த அறையைத் தவிர்க்காதீர்கள். சத்தம் கேட்டு ஓடுவதற்கு முன்னால் நீங்களாகவே ஒரு முறை போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், அன்றிரவு முணுமுணுத்ததையும் அதற்குப் பிறகு அவரிடம் சொல்லாமல் விட்டதையும் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

சத்தம் அடிக்கடி கேட்க ஆரம்பித்தால், குரல் உங்களை எதையாவது செய்யச் சொன்னால், வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனமே இப்போது சிகிச்சை தேவைப்படும் நிலையாகத்தான் வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் வேலைகள் நடக்கின்றன, ஆகவே நீங்கள் அங்கே இருப்பதாக நான் நினைக்கவில்லை. இருந்தாலும் எட்டு மாதம் ஆகிவிட்டதால் ஒரு முறை நேரில் பேசிவிடுவது நல்லது.

கடைசியாக உங்கள் கணவர். "வேண்டாத வேலை" என்றது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் இறந்தது அவருடைய அம்மா, அந்த அறைக்குள் போகாமல் இருப்பவரும் அவர். அந்த ஒரு வரி உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்தாலும் நான் இரண்டு முறை படித்தேன். அழுதேன் என்று சொன்னீர்கள், எதற்கு என்று சொல்லவில்லை. டம்ளர் சத்தம் கேட்டதை அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுந்து போனதையும், "இதோ வந்துட்டேன் அத்தை" என்றதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு டிவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அவருக்கும் கேட்டிருக்கலாம்.