நியூயிங்டன் பள்ளி வழக்கு: ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை சண்டை?

"சிட்னியின் நியூயிங்டன் பள்ளி மாணவிகளைச் சேர்ப்பதை எதிர்த்து எப்படி வழக்குப் போட முடிந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் ஒரு பழைய பத்திரத்தால் வந்தது. 1863-இல் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினர் தொடங்கிய ஆண்கள் பள்ளி அது. 2033-க்குள் முழு இருபாலர் பள்ளியாக்குவோம் என்று 2023 நவம்பரில் நிர்வாகம் அறிவித்தது. 2024 ஜனவரியில் முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் பதாகைகளோடு வாசலில் நின்றார்கள். அப்புறம் கோர்ட்.

1873-ஆம் ஆண்டின் அறக்கட்டளைப் பத்திரம், 'யூத்'துக்குக் (youth, அதாவது இளையோருக்கு) கல்வி தருவதே பள்ளியின் நோக்கம் என்கிறது. அந்தக் காலத்தில் அது பையன்களை மட்டுமே குறித்தது என்று வழக்குப் போட்ட மாணவன் தரப்பு வாதாடியது. இருபாலருக்கும் பொதுச்சொல் என்றது பள்ளி. நம்ம ஊர்ப் 'பிள்ளை' மாதிரி. ஆம்பளப் பிள்ளையும் உண்டு, பொம்பளப் பிள்ளையும் உண்டு. எனக்கென்னவோ பள்ளியின் வாதமே இயல்பாகப் பட்டது. 2025-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது.