பிள்ளை கேட்கிறான், நாய் வாங்கலாமா? கால்நடை மருத்துவரின் பதில்கள்

என் மகனுக்கு 14 வயது. நாயைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வானா? (ஒரு தாயார், செந்தூல்)

வயதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். டியூஷன் முடிந்து அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை எழுதவில்லை. நாய் வாங்குவதற்கு முன்பே, பள்ளிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் அவன் தாமானைச் (குடியிருப்புப் பகுதியை) சுற்றி நடந்து வரட்டும்; மழை தூறினாலும் விடுமுறை நாளானாலும் தவறக் கூடாது. நீங்கள் ஒருமுறைகூட நினைவூட்டாமல் ஒரு மாதம் இது நடந்தால், மீண்டும் எழுதுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றால் குட்டி வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்த இனம் நல்லது? (ஒரு தந்தை, பட்டர்வொர்த்)

இனத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். தேர்வு முடிவு வந்த சில மாதங்களில் உங்கள் மகள் மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக முன்படிப்புக்கோ வெளியூர்க் கல்லூரிக்கோ போய்விடுவாள். விடுதியில் நாய்க்கு இடமில்லை. நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். அப்படியானால் நீங்கள் பரிசு வாங்குவது யாருக்கு? என் மருத்துவமனைக்கு இத்தகைய பரிசுகள் ஓயாமல் வருகின்றன. தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் பேத்தியின் பெயர் அழகான கையெழுத்தில் இருக்கும். நாயைக் கொண்டு வருபவரோ முழங்கால் வலியுள்ள தாத்தா. கடைசி ஊசி எப்போது போட்டது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. குட்டியாக இருந்தபோது மாட்டிய கழுத்துப்பட்டையை யாரும் தளர்த்தாததால், அது தோலுக்குள் பதிந்து சீழ் பிடித்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டியவள் கெட்ட பெண்ணல்லள், தூரத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டுகள் வரை சிறையோ விதிக்கப்படலாம். குட்டி யார் பெயரில் வந்தாலும் வீட்டில் உரிமையாளர் பெரியவர்தான். ஆகவே, மகள் இல்லாத வீட்டிலும் அந்த நாயை நீங்களே வளர்ப்பீர்கள் என்றால் வாங்குங்கள். இல்லையேல் அவளுக்கு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள்.

அடுக்குமாடியில் நாய் வளர்க்கலாமா? (கோலாலம்பூர்)

முதலில் கட்டட நிர்வாகத்தின் அனுமதி, அடுத்து மாநகர் மன்றத்தின் உரிமம், கடைசியாகத்தான் நாய்.

எனக்கு 16 வயது. என் சேமிப்பில் நாய் வளர்க்க எவ்வளவு ஆகும்? (மாணவி, ஆயர் ஈத்தாம்)

கணக்குக் கேட்டு எழுதிய ஒரே கடிதம் உங்களுடையது. நடுத்தர அளவு நாய்க்கு உணவு, மாதந்தோறும் உண்ணிக்கும் இதயப்புழுவுக்குமான மருந்து ஆகியவற்றுக்கு மாதம் ஏறத்தாழ 200 ரிங்கிட் ஒதுக்குங்கள். இதயப்புழுவைப் பரப்பும் கொசு நம் ஊரில் ஆண்டு முழுவதும் கடிப்பதால் இதயப்புழு மருந்தை எந்த மாதமும் விட முடியாது. குட்டியாக இருந்தால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 16 வாரம் வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட வேண்டும். பார்வோ என்னும் வைரஸ் நோய் வந்த குட்டிக்கு மருத்துவமனைச் செலவு ஆயிரத்தைத் தாண்டும். அதை உங்கள் உண்டியல் தாங்காது, எனவே பெற்றோர் முன்னதாகவே சம்மதிக்க வேண்டும். ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) காப்பகத்தில் வளர்ந்த நாய்களையும் பாருங்கள். குணம் தெரிந்த நாய் உங்களுக்கு ஏற்றது.

நாய்க்குக் காய்ச்சல் என்று மகன் பாரசிட்டமால் மாத்திரை கொடுத்துவிட்டான். சரியாகிவிடுமா?

கடிதம் எழுதிக் காத்திருக்கும் விஷயமா இது? மனிதர் மாத்திரை நாயின் கல்லீரலைக் கெடுக்கும். அன்றே மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும். இங்கே காய்ச்சலுக்கு உண்ணிக்காய்ச்சலும் அடிக்கடி காரணமாகும். ஈறு வெளிறியிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். குளிப்பாட்டுவதும் நடத்துவதும் பிள்ளையின் வேலையாக இருக்கலாம், மருந்துப் பெட்டியின் சாவி பிள்ளையிடம் இருக்கக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், உரிமையாளர் பெரியவர்தான்.

13 வயது மகன் எங்கள் ராட்வைலரைத் தனியாக நடத்திச் செல்லலாமா?

கூடாது. அது கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். மகனின் எடையை நீங்கள் எழுதவில்லை.