அம்பாசடருக்குப் பவர் ஸ்டியரிங்: முதலில் ஜாக்கியை எடுங்கள்

கோபிச்செட்டிபாளையம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘அப்பா வாங்கிய 1972 அம்பாசடர் மார்க் 2, ஸ்டியரிங் கியர் வண்டி. தோட்டத்து வாசலில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. கோவை உக்கடத்தில் ஒரு சின்னக் காரின் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலம் (column: ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டும் உதவி மோட்டாரும் சேர்ந்த பகுதி) பார்த்துவைத்தேன். பழைய தண்டை வெட்டி வெல்டிங் வைத்துத் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?’

வெல்டிங் என்றால் வேண்டாம். என் பட்டறையில் அப்படி ஒட்டிய தண்டின் துண்டு ஒன்று கிடக்கிறது. பற்றவைத்த இடம் பாறை மாதிரி இருக்கிறது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, சூடு பட்டு நிறம் மாறிய இடத்தில் மயிரிழை விரிசல். மூக்கணாங்கயிற்றை ஒட்டுப்போட்டுக் காங்கேயம் காளையை யாராவது ஓட்டுவார்களா?

காசைச் செலவழிக்கும் முன் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் குற்றம் டயரில்: காற்றுக் குறைவு, அல்லது பழைய 5.90-15 இருந்த இடத்தில் அகலமான ரேடியல். தூக்கியும் இறுக்கமா? ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராட் எண்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது லேசானால் கிரீஸ் காணாத முன் மூட்டுகள். இன்னும் இறுக்கமென்றால் ரேக் (தண்டின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல் சட்டம்) அல்லது ஸ்டியரிங் காலம். ரேக்கின் ரப்பர் உறை கிழிந்து, எண்ணெய் வடிந்து, மண் புகுந்திருக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குப் பவர் ஸ்டியரிங் ஆசை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், உங்கள் வண்டியில் கியர் லிவரும் காலத்தோடுதான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். காலத்தை மாற்றினால் லிவருக்கு வேறு இடம் வேண்டும்; ஃப்ளோர் கியருக்குப் போனால் அது தனிச் செலவு.

புதிய காலத்தை ரேக்கோடு இணைக்க, ஸ்ப்ளைன் (தண்டு முனையில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கையும் விட்டமும் பொருந்தும் யுனிவர்சல் ஜாயிண்டை (சாய்வான தண்டுகளை இணைக்கும் மூட்டு) வாங்குங்கள், அல்லது கோவை லேத்தில் கடைந்து வாங்குங்கள். இரண்டு ஜாயிண்ட் போட்டால் நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளரும். மூன்றாவது ஜாயிண்ட் வந்தால் நடுத்தண்டைத் தாங்க பேரிங் அவசியம்.

மின்சாரம் அடுத்த தலைவலி. வண்டி நிற்கும்போது முழுக்க ஒடித்தால் அந்த மோட்டார் சில நொடிகளுக்கு 40 ஆம்பியரைத் தாண்டி இழுக்கக்கூடும். பழைய டைனமோ தாங்காது; ஆல்டர்னேட்டர், தடித்த வயர், தனி ஃபியூஸ் மூன்றும் தேவை. பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. அப்படியே இணைத்தால் மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் யூனிட் போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முதலில் எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் நேராகத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஏறிவிடாதீர்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மோட்டார் உதவியின்றித் தோட்டத்துக்குள்ளேயே திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்.