துட்டி கேட்க ஆள் வராத துக்கம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 46. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் பேஸ் கிட்டார் வாசிப்பார். பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த காலத்தில் இவரும் மூன்று கூட்டாளிகளும் கேசட் மாற்றி மாற்றிக் கேட்டு ராக் பாட்டில் விழுந்தவர்கள். அவர்களுக்கு எல்லாமே பிளாக் சபாத் குழுவில் பாடிய ஓஸி ஆஸ்போர்ன்தான். 2025 ஜூலை 5-ஆம் தேதி அவருடைய கடைசி நிகழ்ச்சியைக் காசு கட்டி நேரலையில் விடிய விடியப் பார்த்தார்கள். ஜூலை 22 அன்று இரவு அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது.

அன்றிலிருந்து ஆறு வாரமாக எல்லாரும் படுத்தபிறகு இயர்போனை மாட்டிக்கொண்டு அதே நிகழ்ச்சியைப் பார்க்கிறார். இரண்டு, இரண்டரை ஆகிறது. நான் எழுந்தால் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஒன்பது மணிக்குத் திறக்கிற பட்டறை பதினொன்றுக்குத் திறக்கிறது. போன வாரம் ஒரே புஷ் (தண்டு சுழல மாட்டும் உலோக வளையம்) இரண்டு தடவை அளவு தப்பி வீணானது. வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருக்கிறார். கழற்றச் சொன்னால் எரிந்து விழுகிறார். குடி கிடையாது. சாப்பாடு பாதியாகிவிட்டது. வீட்டு கிட்டாரை அன்று உறையில் போட்டவர் இன்னும் எடுக்கவில்லை. பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ “சாத்தானின் பாடகன் போய்ச் சேர்ந்தான்” என்று போட்டதிலிருந்து கோயிலுக்கும் வருவதில்லை.

பட்டறைப் பையன்கள், “யாரோ ஓசியாம்ல, அதுக்குப் போயி அண்ணாச்சி அழுதாங்க” என்று சிரிக்கிறார்கள். அத்தைக்கோ ஆத்திரம். “செத்தது என்ன ஒந் தாய்மாமனா? எவனோ வெள்ளக்காரனுக்கு ஏம்ல வீட்டுல இழவு காக்க?” என்கிறார்கள். 2019-இல் மாமா (இவருடைய அப்பா) இறந்தபோது இவர் இப்படி அழவில்லை. அதுதான் அத்தையைக் குத்துகிறது என்று எனக்குப் படுகிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், “அப்பா ஏன் அழுதாங்க?” என்று கேட்கிறாள். நான் பேச்செடுத்தால் “ஒனக்குப் புரியாது” என்று முடித்துவிடுகிறார். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை. இது மனநோயா? நான் என்ன செய்ய?

பேட்டை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த மணிக்கட்டுத் துணி. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் சுழன்றுகொண்டிருக்கும்போது அரை அங்குலம் தொங்கும் நுனி போதும், அதன் தாடையில் சிக்கினால் துணியோடு கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். லேத்தில் கையுறையே போடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். உங்களைவிட அவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கட்டியிருக்கிறார் என்றால், தனக்குத் துக்கம் என்று ஊருக்குச் சொல்ல அவரிடம் வேறு அடையாளம் இல்லை. அதனால் “கழற்றுங்க” என்றால் கழற்ற மாட்டார். “இடத்தை மாத்துங்க” என்று சொல்லிப் பாருங்கள். கிட்டாரின் தலைப்பகுதியில், முறுக்காணிகளுக்குக் கீழே கட்டினால் அழகாகவே இருக்கும்.

புஷ் வீணானதைத் துக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள், தூக்கத்தின் கணக்கில் எழுதுங்கள். நாலு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்குக் கண்ணும் கையும் ஒன்றோடொன்று ஒத்துவராது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் மெஷினைப் பையன்களிடம் விட்டுவிட்டு அவர் வைஸில் அரம் போடுகிற வேலையையோ பில் எழுதுவதையோ பார்க்கட்டும். இதில் சமரசம் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் ஒரு வீட்டில் துட்டி, அதாவது சாவு, என்றால் வாசலில் பெஞ்சு போடுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எப்ப நடந்துச்சு? முந்தாநாள் நல்லாத்தான இருந்தாக?” வீட்டுக்காரர் அதே கதையை நாற்பது பேரிடம் நாற்பது தடவை சொல்வார். வெளியூர்க்காரர்களுக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் மருந்தே அதுதான். முதல் தடவை பாதியில் தொண்டை அடைக்கும். பத்தாவது தடவை வாக்கியம் முழுதாக வந்துவிடும். இருபதாவது தடவை இறந்தவர் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சும் நினைவுக்கு வரும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் துட்டி கேட்க இன்றுவரை ஒருவர்கூட வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே மட்டும் இருக்கிறார். சொல்கிறவருக்குக் கதை முடிவை நோக்கி நகரும். பார்க்கிறவருக்கு அப்படி நகராது. அந்த வீடியோவில் ஓஸி ஒவ்வொரு ராத்திரியும் உயிரோடு வந்து உட்கார்ந்து பாடுகிறார், விடிந்ததும் மறுபடி சாகிறார். ஆறு வாரத்தில் இவருக்கு நாற்பது சாவு ஆகிவிட்டது.

இறந்தவருக்கும் அழுகிறவருக்கும் உள்ள உறவை ஊர் ஒத்துக்கொள்ளாதபோது வரும் இந்த வேதனையை, அமெரிக்காவின் துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். முறைப்பெண் அல்லாத காதலிக்காக அழுகிறவனுக்கும், வளர்த்த நாய்க்காக அழுகிறவளுக்கும் இதே கதிதான். “தாய்மாமனா?” என்று அத்தை கேட்பதே அந்த மறுப்பு. முகம் பார்த்துப் பழகாதவர் என்பது உண்மை. ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு குரல் தினமும் காதுக்குள் இருந்திருக்கிறது. எத்தனை சொந்தக்காரர்களிடம் நாம் அவ்வளவு நேரம் பேசியிருப்போம்?

அந்த மனிதரைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ரசிகையாக வேண்டியதில்லை, துட்டி கேட்கப் போகிறவர் இறந்தவரின் பெயரையாவது தெரிந்துகொண்டு போவதில்லையா, அதுபோல. ஓஸி 1948-இல் பிறந்து, இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர். அப்பா டூல் மேக்கர், ராத்திரி ஷிப்டு. குழுவினர் கழுத்தில் போட்டுக்கொண்ட அலுமினியச் சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் அவர்தான். கிட்டார் கலைஞர் டோனி ஐயோமிக்குப் பதினேழு வயதில் தகரப் பட்டறை மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, பின்னாளில் விரல் வலிக்காமலிருக்கக் கம்பிகளின் சுருதியையும் தளர்த்தினார். அந்தக் கனத்த சத்தத்தில் அந்தத் தளர்வுக்கும் பங்கு உண்டு. முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வந்தது. பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவருக்கு இந்த ஊர் எப்படி அந்நியமாகும்?

தனக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020-இல் ஓஸி வெளியே சொன்னார். 2025 ஜூலை 5-ஆம் தேதி, தான் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், நிற்க முடியாமல் கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பழைய நால்வரும் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரே மேடையில் சேர்ந்தார்கள். பதினேழு நாளில், 76 வயதில் போய்விட்டார். ஜூலை 30 அன்று அவர் உடல் ஊர்வலமாகப் போனபோது, குழுவின் பெயரே வைத்த பாலத்தில் வண்டி நின்றது, பேண்டு வாசித்தது, ஜனம் பூ வைத்தது. அங்கே இருந்தவர்களுக்குப் பூ வைக்க ஒரு பாலம் இருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு இருந்தது ஆறு அங்குலத் திரை மட்டும்.

ஆகவே நீங்கள் துட்டி கேளுங்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம், போன்கள் வேறு அறையில் இருக்கட்டும். மூன்று கேள்வி போதும். முதல் கேசட்டை யார் கொடுத்தது? சேதி வந்தப்ப எங்க இருந்தீங்க? அந்தக் கடைசி நிகழ்ச்சியில எந்த இடத்துல தாங்க முடியல? கேட்டுவிட்டு இருபது நிமிஷம் குறுக்கே பேசாமல் இருங்கள். “76 வயசுல்லா”, “சீக்காளிக்கு விடுதலதான”, “நமக்குப் பிள்ள இருக்கு” என்ற மூன்றும் வாயில் வரக்கூடாது. ஆறுதல் மாதிரி தெரிந்தாலும் பேச்சை மூடுகிற கதவுகள் அவை. “ஒனக்குப் புரியாது” என்றால், “ஆமா, புரியல. புரியற மாதிரி சொல்லுங்க” என்று சொல்லுங்கள். முதல் வாரம் இரண்டு வரிதான் வரும். அடுத்த வாரமும் அதே கேள்விகளைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கூட்டாளிகள் நால்வரும் ஒருவருக்கொருவர் வீடியோத் துண்டுகளை அனுப்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது துட்டி ஆகாது. ஒரு நாள் நாலு பேரும் ஒரே அழைப்பில் ஒரு மணி நேரம் வாயால் பேசட்டும்.

வீடியோவை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் ஒளித்துப் பார்ப்பார். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் நாற்பது நிமிஷம். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள், நாற்பது நிமிஷம் மூன்று மணி நேரமாவது அதனால்தான். பத்து மணிக்கு மேல் போன் அடுக்களையில் சார்ஜில் இருக்கட்டும், எழுப்புவதற்கு ஒரு பழைய அலாரம் கடிகாரம் போதும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். முதல் நாலைந்து நாள் பகலில் கண் சொக்கும். அரை மணிக்கு மேல் படுக்க விடாதீர்கள். நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். பத்துப் பதினைந்து நாளில் தூக்கம் வழிக்கு வரும்.

தூக்கம் வந்தபிறகு கிட்டார். உடனே பாட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள், கம்பி மட்டும் மாற்றட்டும். ஆறு வாரம் வியர்வையோடு உறைக்குள் கிடந்த கம்பிகளில் துரு ஏறியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, விரற்பலகையை உலர்ந்த துணியால் துடைத்து, ஆணியில் இரண்டு மூன்று சுற்று வருகிற மாதிரி புதுக்கம்பி மாட்டி, இழுத்துவிட்டு, சுருதி கூட்ட அரை மணி ஆகும். கையும் காதும் சேர்ந்து செய்கிற வேலை, கண்ணீர் வந்தாலும் நடுவில் நிற்காது. மனம் இன்னும் இடம் கொடுத்தால், அந்த டூல் மேக்கர் அப்பா செய்தது போல நாலு கூட்டாளிகளுக்கு நாலு அலுமினியச் சிலுவை. அளவு, கனம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

மாமாவின் சாவையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, “உண்மையில் அப்பாவுக்காகத்தான் அழுகிறார்” என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நம்பாதீர்கள். ஓஸிக்காக அழுகிறவர் ஓஸிக்காகத்தான் அழுகிறார். 2019-இல் பெட்டி சொல்ல, குழி வெட்ட, பந்தல் போட, ஜெபக் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட என்று அவருக்கு வேலை இருந்திருக்கும், துட்டி கேட்கவும் ஊரே வந்திருக்கும். இந்தத் தடவை அது ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு துட்டி பாக்கி இருக்கிறது, அது அத்தையுடையது. ஆறு வருஷமாகிவிட்டதால் மாமாவைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. ஒருநாள் நீங்கள் கேளுங்கள். மகனின் அழுகையை எடைபோடுவது அதற்குப் பிறகு குறையலாம்.

இது நோயா என்று கேட்டீர்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி குறைந்தது 6 மாதமும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி பெரியவர்களுக்கு 12 மாதமும் கடந்திருக்க வேண்டும். ஆறு வாரத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மனச்சோர்வு நோய்க்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை, தன்னையே பழிப்பது, வேலையில் மனம் நிற்காமை இவையெல்லாம் இரண்டு வாரம் நாள்தோறும் தொடர்ந்தால் போதும். அவருக்கு இதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. தூக்கத்தைச் சரிசெய்து மூன்று வாரம் பாருங்கள். அப்படியே இருந்தால் ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலையில் காட்டிவிடுங்கள். “செத்துறலாம்னு தோணுதா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைத் திருப்பினாலோ, அன்றைக்கே தனியாக விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியானால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

கோயில் விஷயத்தில் பரலோகமா நரகமா என்ற வழக்கை நீங்கள் நடத்தாதீர்கள், யாரும் ஜெயிக்கப்போவதில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஒரு பயிற்சி நாளில் போகச் சொல்லுங்கள். அங்கே பேஸ் கிட்டாருக்கு வேலை இருக்கும், பேச்சுக்கு நேரமிருக்காது. ஒதுங்கியிருக்கிற நாள் கூடக்கூடத் திரும்புவது கடினமாகும்.

மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: “அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச பாடகர் செத்துட்டாரு, அதான். ஒம்மேல கோவம் இல்ல.” அவள் ஒரு பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் எதைப் போடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

டிசம்பர் 3 ஓஸியின் பிறந்தநாள். நால்வரும் கூட அன்று வசதிப்படாவிட்டால் கிறிஸ்துமஸ் லீவுக்குத் தள்ளிக்கொள்ளலாம். அன்றைக்கு அந்தக் கடைசி நிகழ்ச்சியை உங்கள் வீட்டுக் கூடத்தில், டிவியில், சத்தத்தைக் கூட்டி, நாலு பேரும் சேர்ந்து முழுசாக ஒரே ஒரு தடவை பார்க்கட்டும். வாசலில் பெஞ்சைப் போட்டு வையுங்கள். அத்தை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பரவாயில்லை.