ஞாயிற்றுக்கிழமைச் சமையலா, அடகு ரசீதா?

ஹட்டனில் இருந்து ஒரு வாசகியின் கடிதம்:

"கல்யாணமாகி மூன்று வருடம். டவுனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, நிரந்தர நியமனம். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கைக்கு 125,000 ரூபாய் வருகிறது. மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் லீக்ஸ், கரட், கோவா வாங்கி வந்து இருவரும் சேர்ந்து சமைப்போம். ஞாயிறு கூட்டாளிமார் நாலைந்து பேர் சாப்பிட வருவார்கள். தொழிற்சாலைப் பக்கம் மழையில் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளையும் தூக்கி வந்து வளர்க்கிறோம். கணவரின் அண்ணன் வரும்போதெல்லாம், 'பூனைக்கு மீன் வாங்குறீங்க, ஊருக்கே சோறு போடுறீங்க, எப்படிக் காசு நிக்கும்?' என்கிறார். அவர் சொல்வது சரிதானா? ஞாயிறு விருந்தை நிறுத்திவிடவா? என் நகை 4 பவுன் அடகில் இருக்கிறது. தங்கம் ஏறிக்கொண்டே போவதால் அது பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று கணவர் சொல்கிறார்."

தங்கச்சி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குக் கொப்பியின் படங்களை இரண்டு தடவை பார்த்தேன். கோழி, தேங்காய், நெத்தலி, பூனைக்குச் சாலயா மீன் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். இப்படிக் கணக்கு எழுதுபவருக்கு வரவு செலவுப் பாடம் நடத்துவது என் வேலை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நான்கு வார இறுதிகளுக்கும் சேர்த்துச் செலவு 16,000 ரூபாய். ஒரு வாரத்துக்கு 4,000. அதில்தான் உங்கள் இருவரின் சாப்பாடு, கூட்டாளிமாரின் சாப்பாடு, பூனைகளின் மீன் எல்லாம் அடங்குகிறது. ஒருவர் தேங்காய் கொண்டு வருகிறார், இன்னொருவர் தயிர்ச் சட்டி கொண்டு வருகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆறேழு பேர் கடையில் போய் கொத்துரொட்டி சாப்பிட்டு வந்தால் இதைவிடக் கூடுதலாகவே ஆகும். பூனைகளுக்கு மாதம் 2,500 ரூபாய். இதை வெட்டி வீட்டைக் காப்பாற்ற முடியாது. விருந்தையும் பூனைகளையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

உங்கள் கொப்பியில் என்னைப் பயமுறுத்தியது கடைசிப் பக்கம். அடகைப் பற்றி அதில் மூன்று வரிதான் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு வருடம், ஒரு தொகை. பின் இரண்டு வரிகளின் பக்கத்தில் "திருப்பி வைத்தோம்", அதாவது அதே நகையை மறுபடியும் அடகு வைத்தோம், என்ற குறிப்பு. அந்த மூன்று வரியையும் விரித்துப் பார்ப்போம்.

2023இல் தாலிக்கொடி 2 பவுன், ஒரு பவுன் வளையல் இரண்டு, ஆக 4 பவுனை வைத்து 400,000 ரூபாய் எடுத்தீர்கள். அண்ணனின் ஆட்டோ லீசிங்குக்கு முற்பணம். அப்போது வட்டி 20 வீதம். வருடம் முடிந்தபோது வட்டி மட்டும் 80,000. கையில் காசில்லை. ஆனால் தங்கம் ஏறியிருந்தது. அதே நகைக்கு வங்கி 520,000 தர முன்வந்தது. பழைய கணக்கு 480,000ஐக் கழித்துவிட்டு 40,000ஐக் கையில் கொடுத்தார்கள். அது அண்ணன் மகளின் சடங்குக்குப் போனது. அடுத்த வருடம் 15 வீதம், வட்டி 78,000. மறுபடியும் தங்கம் ஏறியிருந்தது, மறுபடியும் திருப்பி வைத்தீர்கள், இந்த முறை 720,000. பழையது 598,000 போக 122,000 கையில் வந்தது. அது ஆட்டோ லீசிங்கின் நிலுவைக்கு.

இப்போது கூட்டுங்கள். மூன்று தடவையும் கையில் வந்த பணம் 562,000 ரூபாய். இன்று நிற்கும் கடன் 720,000. இடையில் உள்ள 158,000 முழுவதும் வட்டி. சம்பளத்தில் இருந்து ஒரு சதமும் கட்டாததால் அது உங்கள் கண்ணில் படவில்லை. நகையே தன் வட்டியைக் கட்டிக்கொண்டு, தானே கடனில் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. இப்போதைய வட்டி 14 வீதம் என்றால் வருடத்துக்கு 100,800, மாதத்துக்கு 8,400. கடைசியாக வைத்து ஐந்து மாதமாகிவிட்டது, ஆகவே 42,000 ஏற்கெனவே ஏறி நிற்கிறது.

தங்கம் ஏறுவதால் நகை பாதுகாப்பாக இருக்கிறது என்று தம்பி, உங்கள் கணவர், சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தங்கம் ஏறியதன் இலாபம் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறிய விலைக்குக் கணக்காகக் கூடுதல் காசு எடுத்ததால், ஏற்றத்தின் பெரும்பகுதியை நீங்களே முன்கூட்டிச் செலவழித்துவிட்டீர்கள். விலை இறங்கினால் என்ன ஆகும்? இது கற்பனை இல்லை. 2011இல் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,900 டொலர் வரை போன தங்கம் 2013 ஏப்ரலில் ஒரேயடியாகச் சரிந்து, அந்த வருடக் கடைசியில் 1,200 டொலர் அளவில் நின்றது. அப்போது நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் நகையை மீட்பதைவிட விட்டுவிடுவதே இலாபம் என்று விட்டுவிட்டன. அடகில் வங்கிகளுக்கும் பெரிய நட்டம். விலை இறங்கிய வருடத்தில் உங்கள் தவணை முடிந்தால், வங்கி இதே 720,000ஐத் திரும்பத் தராது. வித்தியாசத்தையும் வட்டியையும் கையில் இருந்து கட்டச் சொல்லும். கட்ட முடியாவிட்டால் அறிவித்தல் வரும், பிறகு ஏலம்.

என் அம்மாவின் காதுத்தோடு அப்படி ஏலத்தில் போனது. கடைசிக் கடிதம் வந்த நாளில் அப்பா அதை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே "திருப்பி வைத்தோம்" என்ற சொல்லைப் படித்தால் எனக்குப் பதற்றம் வருவது இயல்பு.

இனி அண்ணன். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அம்மா, அப்பா தோட்டத்தில் கொழுந்து எடுத்து வளர்த்த குடும்பத்தில் மூத்தவருக்கு இருக்கும் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டுக் காசு போகும் வழியைக் கணக்காகப் பாருங்கள். வாடகை 20,000, மாமியாருக்கு 10,000, வீட்டுச் செலவு 52,000, வார இறுதி 16,000. அதற்குப் பிறகு "அண்ணன் லீசிங் உதவி" என்று 15,000. மிச்சம் 12,000, அது மருந்து, கல்யாணம், மொய் என்று போகிறது. அடகு வட்டி 8,400ஐயும் சேர்த்தால், அண்ணனின் ஆட்டோவும் சடங்கும் சேர்ந்து உங்கள் வீட்டில் இருந்து மாதம் 23,400 ரூபாய் எடுக்கின்றன. பூனைகள் எடுப்பது 2,500.

இன்னொன்றையும் கவனித்தேன். அண்ணனின் கோல் பெரும்பாலும் ஞாயிறு மத்தியானம், வீடு நிறைய ஆள் இருக்கும் நேரத்தில் வருகிறது என்கிறீர்கள். கூட்டாளிமார் முன்னால் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தம்பி "சரிண்ணே" என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்தான் கொப்பியின் கடைசிப் பக்கம் முழுவதும். இனி ஞாயிற்றுக்கிழமை எந்தக் காசு விஷயத்துக்கும் பதில் கிடையாது என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். "அண்ணே, வீட்டுல கேட்டுட்டு செவ்வாய்க்கிழமை சொல்றேன்" என்ற ஒரு வசனம் போதும். சொல்ல வேண்டியவர் தம்பிதான். அதை உங்கள் வாயில் இருந்து வரவைத்தால் குடும்பத்தில் உங்கள் பெயர்தான் கெடும், அது நியாயமில்லை.

ஆனால் 15,000ஐ அடுத்த மாதமே சட்டென்று நிறுத்த முடியாது. ஏனென்றால் லீசிங்கில் தம்பி பிணை நின்றிருக்கிறார். அண்ணன் தவறினால் கம்பனி தம்பியைத் தேடி வரும். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், எல்லாரும் கிரிப் என்று சொல்வதில், பிணைகாரர் பெயரும் இருக்கும். நாளைக்கு வீடு கட்ட நீங்கள் வங்கிக்குப் போனால் அது முன்னால் வந்து நிற்கும். ஆகவே மூன்று பேரும் ஒன்றாக லீசிங் கம்பனிக்குப் போங்கள். மிச்சக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேளுங்கள். அண்ணன் நுவரெலியாவில் ஓட்டுகிறார் என்பதால், ஏப்ரல் சீசனில் வரும் காசில் இரண்டு மூன்று தவணையை முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். ஜூன், ஜூலை மழையில் ஓட்டம் இல்லாத மாதங்களுக்கு அதுதான் குடை. அதுவும் முடியாது என்றால் ஆட்டோவை விற்றுக் கடனை அடைப்பதே நல்லது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்களின் விலையும் நன்றாக ஏறியது. 2025இல் இறக்குமதி மறுபடியும் தொடங்கியதால், இன்றைய விலையை விசாரித்துப் பாருங்கள். கம்பனி பிடித்துக்கொண்டு போய் விற்றால் வரும் விலை வேறு, நீங்களே ஆள் பார்த்து விற்றால் வரும் விலை வேறு. அண்ணனுக்கு நான்கு மாதம் அவகாசம் சொல்லுங்கள், திகதியோடு. மாமியாருக்கு அனுப்பும் 10,000ஐ மட்டும் தொடாதீர்கள்.

அடகுக்கு வருவோம். நீங்கள் நிரந்தர ஆசிரியை. டிஸ்ட்ரஸ் லோன் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பேசும், அரச ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் கடன் உங்களுக்கும் உரியதே. அதன் வட்டி 4.2 வீதம், அடகு வட்டியில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. பல காலம் உச்சவரம்பு 250,000 ரூபாயாக இருந்தது, அந்தத் தொகையிலேயே கணக்குப் போடுகிறேன். கூடக் கிடைத்தால் நல்லது. பிணைக்கு சக ஆசிரியர்கள் வேண்டும், வலயக் கல்விப் பணிமனையில் பணம் ஒதுக்கி வர மாதக் கணக்கிலும் ஆகலாம், ஆகவே படிவத்தை இந்த வாரமே கொடுங்கள். 60 மாதத்தில் கட்டுவதானால் ஆரம்பத்தில் மாதம் 5,000 ரூபாய் அளவில் சம்பளத்தில் கழியும்.

அந்த 250,000இல், இன்றைய நிலையில் வைத்துப் பார்த்தால், முதலில் ஏறி நிற்கும் வட்டி 42,000. மிச்சம் 208,000 அசல் கடனில் கழியும், அடகு 512,000க்கு இறங்கும். அண்ணனின் 15,000 நின்ற பிறகு, மொய்க்குப் போகும் 12,000இலும் 8,000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 23,000இல் டிஸ்ட்ரஸ் லோனுக்கு 5,000 போனால் மாதம் 18,000 அடகுக்கு. இதே வட்டியில் ஏறக்குறைய மூன்று வருடத்தில் 4 பவுனும் வீட்டுக்கு வரும். நீண்ட காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடந்த மூன்று வருடமும் போன வழியில் போனால் முப்பது வருடமானாலும் வராது.

பகுதிப் பணம் கட்டுவதற்கு வங்கியில் வெட்கப்பட வேண்டாம். 5,000 என்றாலும் கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்குங்கள், அசலில் கழிந்ததா என்று அதில் பாருங்கள்.

தம்பியின் கூட்டாளி ஒருவர் சொல்லும் அந்தப் போன் ஆப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு 5 வீதம் தருமாம், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கூடவும் தருமாம். இந்தக் கேள்வி எனக்கு மாதம் பத்துத் தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்குகிறது. ஆள் சேர்த்தால் காசு என்றால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின்படி இலங்கையில் அது தடை. நடத்துவது மட்டுமில்லை, ஆள் சேர்ப்பதும் குற்றம். தடை செய்தவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. அடுத்த தவணையில் நகையைத் திருப்பி வைத்து இதில் போடலாம் என்று தம்பி நினைத்தால், இந்தப் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

வளையல்களை விற்றால் சீக்கிரம் முடியுமே என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். கணக்காகப் பார்த்தால் அது பிழையில்லை. இன்றைய விலையில் ஒரு வளையலை விற்றால், அதன் பெயரில் நிற்கும் 180,000 போகவும் கையில் மிஞ்சும். ஆனால் அம்மா கொழுந்துக் காசில் சீட்டுப் போட்டு, ஒவ்வொன்றாகச் செய்துகொடுத்த வளையல்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை நான் எடுக்க முடியாது. அண்ணனும் எடுக்கக் கூடாது, தம்பியும் தனியாக எடுக்கக் கூடாது.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். 4 பவுனும் இப்போது ஒரே ரசீதில் இருப்பதால் முழுத் தொகையும் கட்டாமல் எதையும் கையில் எடுக்க முடியாது. தவணை முடியும் திகதியில் மூன்று ரசீதாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கொடிக்கு ஒன்று, வளையலுக்கு ஒவ்வொன்று. கூடுதல் காசு எவ்வளவு தருகிறோம் என்று கேட்பார்கள், ஒரு ரூபாயும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வளையல் முதலில் வரட்டும்.