பழகுவது பால் அல்ல

கேள்வி: போதைப் பொருளில் முதல் இரண்டு மூன்று தடவை கிடைத்த கிக் இப்போது கிடைப்பதில்லை என்கிறான் என் நண்பன். 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பது இதுதானா? இல்லை, சரக்கு மட்டமாகிவிட்டதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பழமொழியைச் சரியாக எழுதியதற்கு முதலில் நன்றி. முன்பு நான் வேலை பார்த்த பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இதை 'நாள்பட நாள்படப் பாலும் புளிக்கும்' என்று மாற்றிவிட்டார். பால் எப்படிப் பழகும், நாள்பட்டால்தானே புளிக்கும் என்பது அவர் வாதம். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சே இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அவர் செய்தது தப்பு. பழகுவது பால் அல்ல, குடிக்கிறவன். பால் கறந்தபடியேதான் இருக்கிறது. புளிப்பு ஏறுவது நாக்கில். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே பதில்: சரக்கு மாறாவிட்டாலும் கிக் குறையும்.

காபியையே பாருங்கள். மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரக் கண் சொக்கும். அது போய் உட்காரும் இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்வதால்தான் தூக்கம் கலைகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அடினோசினுக்குக் கூடுதலாக இடம் போட்டுவிடுகிறது. அப்புறம் காலை டம்ளர் உங்களை உசுப்புவதில்லை, சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான். ஒருநாள் விட்டால் வருகிற தலைவலி இந்த ஏற்பாட்டின் விளைவு.

பழக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சிகாகோவில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டே சமூகவியல் படித்தவர் ஹோவர்ட் பெக்கர். கஞ்சா பிடிக்கும் பலருக்கு முதல் தடவை ஒன்றுமே தெரிவதில்லை, கூட இருப்பவர்களிடம் கற்றுக்கொண்ட பிறகே போதை பிடிபடுகிறது என்று 1953-இல் எழுதினார்.

ஹெராயின் சமாச்சாரம் வேறு. அங்கே உடம்பு எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. சுகம் சீக்கிரம் மங்கும். மூச்சை அடக்கும் குணத்துக்கு உடம்பு மெதுவாகத்தான் பழகும். மலச்சிக்கலுக்கோ அநேகமாகப் பழகுவதே இல்லை. மங்கிய சுகத்தைத் துரத்தி அளவைக் கூட்டுகிறவன், மூச்சு நிற்கும் அளவை நெருங்கிக்கொண்டே போகிறான்.

இந்த விஷயத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் நடத்திய எலிச் சோதனை. எலிகளுக்கு ஒரே அறையில் ஹெராயின் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு ஒருநாள் பெரிய அளவு கொடுத்தார்கள். பழகிய அறையில் கொடுத்தபோது செத்தவை 32 சதவீதம். அதே அளவைப் புது அறையில் கொடுத்தபோது 64. ஹெராயினே அறியாத எலிகளில் 96. முடிவுகள் 1982-இல் வெளியாயின. மருந்து வருமுன்பே, அந்த அறையைப் பார்த்ததும் உடம்பு எதிர்த்து நிற்கத் தயாராகிவிடுகிறது என்பது சீகலின் விளக்கம். புது அறையில் அந்த முன்னெச்சரிக்கை இல்லை. பழக்கத்தில் பாதி உடம்பில் என்றால் மீதி இடத்தில் இருக்கிறது!

இடம் போல இடைவெளியும் பழக்கத்தை அழிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2007-இல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதைப் பொருள் அளவு மீறிச் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழக்கத்தை மறந்துவிட்டது. கை மட்டும் பழைய அளவை மறக்கவில்லை.

ஆகவே, சரக்கு மட்டமா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் நண்பர் எதை எடுக்கிறார், நடுவில் சில வாரம் நிறுத்தினாரா, ஊர் ஏதும் மாறினாரா? கடிதத்தில் இது எதுவுமே இல்லை. எனக்கு எழுத வேண்டாம். அவரைக் கையோடு அழைத்துப்போய் ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வாரமே.