போரும் வெடியுப்பும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதில் இந்தியாவிலிருந்து போன வெடியுப்புக்கும் பங்கு உண்டு என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். இது உண்மையா, மிகையா?

பதில்: உண்மைதான். ஆங்கிலேயரின் கடற்படையும் பணவலிமையும், நேச நாடுகளின் படைகளும் சேர்ந்தே நெப்போலியனை வீழ்த்தின என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடற்படையின் பீரங்கிகளுக்கு மருந்து எங்கிருந்து வந்தது என்பதைப் போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அக்காலத்து ஆங்கிலேயக் கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட் என்னும் உப்பு), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும் கந்தகமும் ஐரோப்பாவிலேயே கிடைத்தன. வெடியுப்புக்காகவோ அங்கே தொழுவங்களையும் பழைய சுவர்களையும் சுரண்ட வேண்டியிருந்தது. அப்படியும் தேவைக்குப் போதவில்லை.

பீகாரில் நிலைமை வேறு. மாடு கட்டிய மண்ணில் ஊறிய சிறுநீரையும் சாணத்தையும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மழைக்காலம் முடிந்து நீண்ட வறட்சி தொடங்கியதும் அது ஈரத்தோடு மேலேறி, மண்சுவர்களின் அடியிலும் தரையிலும் வெண்மையாகப் பூத்து நிற்கும். நோனியா என்னும் சமூகத்தார் அந்தப் பூப்பைச் சுரண்டி எடுத்து, அடியில் மூங்கிலும் வைக்கோலும் பரப்பிய மண்தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றுவார்கள். வடிந்து வரும் உவர்நீரைக் காய்ச்சி ஆறவைத்தால் வெடியுப்பு படிகமாக இறங்கும். பாட்னாவில் சேர்ந்த சரக்கு கங்கை வழியே படகில் கல்கத்தாவுக்குப் போய், அங்கே கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பல்களின் அடித்தட்டில் பாரமாகவும் சரக்காகவும் ஏறியது.

பிளாசிப் போர் 1757இல் நடந்தது. மறு ஆண்டே பீகார் வெடியுப்பின் முழு வாணிக உரிமையும் கும்பினியின் கைக்கு வந்துவிட்டது. வங்காளத்தின் வரிப்பணத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. என் கணிப்பில், உலக அரசியலைப் பொறுத்தவரை பிளாசியின் மிகப் பெரிய விளைவுகளில் இதுவும் ஒன்று. பிரான்சு தன் நிலவறைகளைத் தோண்டியே பிழைக்க வேண்டியதாயிற்று. 1775இல் அந்நாட்டு அரசு வெடிமருந்துத் துறையைச் சீரமைத்தபோது அதன் பொறுப்பாளர்களுள் ஒருவராக வேதியியலாளர் லவாய்சியரை அமர்த்தியது. அவர் உற்பத்தியைப் பெருமளவு உயர்த்தியும் காட்டினார். புரட்சி அரசு 1794இல் அவர் தலையைத் துண்டித்த நாட்களில், பாரிஸ் மக்கள் நாட்டுக்காகத் தங்கள் வீட்டு நிலவறை மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இந்திய வெடியுப்பு இல்லாமல் போர் நடத்தவே முடியாது என்று சொல்வது மிகை. பிரான்சு அதை அரும்பாடுபட்டுச் சேர்த்தது. பிரிட்டன் அதை நோனியாக்களின் உழைப்பில் மலிவாகப் பெற்றது. ஆண்டுக்கணக்கில் நீளும் போரில் இந்த வேறுபாடு பெரிது.

கேள்வி (மதுரை வாசகர்): கடலே இல்லாத பொலிவியாவுக்குக் கடற்படை எதற்கு?

பதில்: அந்நாட்டுக்கு ஒரு காலத்தில் கடற்கரை இருந்தது. அட்டகாமா பாலைவனத்தில் நைட்ரேட் பாறை பாறையாகக் கிடந்தது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா அதை வாங்கிக் குவித்தது. தன் பகுதியில் நைட்ரேட் எடுத்த சிலி நாட்டு நிறுவனத்தின்மீது பொலிவியா 1878இல் வரி விதிக்க, 1879இல் போர் மூண்டது. அது 1884இல் ஓய்ந்தபோது அந்தோபகஸ்தா துறைமுகத்தோடு பொலிவியாவின் கடற்கரை முழுவதும் சிலியிடம் போயிருந்தது. பொலிவியாவுக்குத் துணை நின்ற பெருவும் தரப்பாகா மாநிலத்தை இழந்தது. மார்ச் 23ஆம் நாளைக் கடல் நாளாகப் பொலிவிய மக்கள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். அவர்களது கடற்படை இப்போது தித்திகாகா ஏரியிலும் ஆறுகளிலும் இயங்குகிறது.

கேள்வி (சென்னை வாசகர்): முதல் உலகப் போரில் கடல் முற்றுகைக்கு உள்ளான ஜெர்மனி, நான்கு ஆண்டுகள் வெடிமருந்துக்கு என்ன செய்தது?

பதில்: வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட்டுக்கு ஜெர்மனி அதுவரை பெரிதும் சிலியையே நம்பியிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், தளபதி வான் ஸ்பேயின் கிழக்காசியக் கப்பற்படையிலிருந்து பிரிந்து வந்தது. அந்தக் கப்பற்படை நவம்பர் 1இல் சிலிக் கரையோரம் கொரொனெலில் ஆங்கிலேயரைத் தோற்கடித்தது. டிசம்பர் 8இல் பாக்லாந்துத் தீவுகளருகே அழிந்தது. சிலி நைட்ரேட் ஜெர்மனிக்கு வந்து சேரும் வாய்ப்பும் அத்தோடு அற்றுப்போயிற்று.

ஜெர்மனியைக் காத்தது காற்றுதான். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முறையை பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வகத்தில் செய்துகாட்டியிருந்தார். கார்ல் போஷ் அதைப் பெருந்தொழிலாக வளர்த்து 1913இல் ஓப்பாவில் ஆலையை ஓட்டினார். உரத்துக்கென எழுந்த அந்த ஆலையின் அம்மோனியாவைப் போர் வந்ததும் நைட்ரிக் அமிலமாக மாற்றிக் குண்டுகளுக்கு அனுப்பினார்கள். 1917இல் லொய்னாவில் இன்னும் பெரிய ஆலை எழுந்தது. இம்முறை இல்லையென்றால் ஜெர்மனி வெடிமருந்து தீர்ந்து வெகு முன்னரே பணிந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கிடைத்த நைட்ரஜனில் பெரும்பங்கு போர்முனைக்குப் போனதால் வயல்களுக்கு உரம் குறைந்தது. ஆள் பஞ்சமும் முற்றுகையும் சேர்ந்துகொள்ள விளைச்சல் சரிந்தது; 1916–17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்துப்போய், மாட்டுத் தீவனமாகப் பயிரிட்ட ஒருவகைக் கிழங்கை வேகவைத்துத் தின்று ஜெர்மானிய நகரத்து மக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.